தனிக்குடித்தனச் சாசனங்கள்

மண்ணுக்கடியில் கிடைத்த எழுத்துக்கும், பாறையில் வெட்டிய எழுத்துக்கும், செப்பேட்டில் பொறித்த எழுத்துக்கும் தனித்தனியே துறைகளும் பேராசிரியர்களும் நிதியொதுக்கீடுகளும் இருக்க, கலியாணமாகி முதன்முதலாகத் தனிவீடு போகும் ஒவ்வொரு தமிழ்த் தம்பதியின் அடுப்படியிலும் எவர்சில்வரின்மேல் அடுக்கடுக்காகக் கிடக்கும் சாசனங்களைப் பற்றி இதுகாறும் ஒருவரும் ஒரு சிற்றேடுகூட வெளியிடாமலிருப்பது, நமது சாசனவியலுக்கு நேர்ந்த பெருங்குறை என்றே சொல்ல வேண்டும். அரசன் எழுதிவைத்தால் கல்வெட்டு, அத்தை எழுதிவைத்தால் வெறும் பாத்திரம் என்று பாகுபாடு செய்வது விஞ்ஞான மனப்பான்மைக்கு அழகன்று. அக்குறையை இயன்றமட்டும் போக்கும் உத்தேசத்துடன், முதல் வீட்டுக்குச் சாமான் கட்டுதல், ஏற்றுதல், இறக்குதல், அடுக்குதல் ஆகிய கிரியைகளை நேரிற்கண்ட பிரத்தியட்சப் பிரமாணத்தையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டு, பாத்திரப் பெயர்வெட்டு என்னும் விஷயத்தைப் பற்றிச் சில அபிப்பிராயங்களை அறிஞர் முன் வைக்கத் துணிகிறேன்.

ஆராய்ச்சிக்கு எல்லை வேண்டும் என்பது நியதி. ஆதலால் 1996-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தினின்றும் பாகம் பிரிந்து தானே தனிக்குடித்தனம் வந்த தேனி மாவட்டத்தை, அதிலும் சிறப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கை, எல்லையாக வகுத்துக்கொண்டேன். சொந்த ஊர் என்னும் அபிமானத்தால் நேர்ந்த தேர்வு இது என்று சிலர் சந்தேகிக்கக்கூடும். சந்தேகிக்க இடமும் உண்டு. ஆயினும் அதனினும் வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. வைகைக் கரையில் வாழ்ந்த ஜனங்கள் பண்டபாத்திரத்தில் பெயர் எழுதும் பழக்கத்தை எவர்சில்வரோடு சேர்த்துப் பெற்றவர்கள் அல்லர். 2015 முதல் கீழடியில் நடந்துவரும் அகழாய்வுகளில் கிடைத்த பானையோடுகளில் ஆதன், குவிரன் முதலிய மனிதப் பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருப்பதைக் காணும்போது, இந்தப் பானை யாருடையது என்னும் விவகாரம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நமது அடுக்களைகளில் கிளம்பிவிட்டது என்பது வெள்ளிடைமலை. கீழடி தேனி மாவட்டத்தில் இல்லையே என்று ஆட்சேபிப்பாரை, அந்த வைகை எங்கே பிறக்கிறது என்று திருப்பிக் கேட்டால் போதும். வருசநாட்டு மலை எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

போகட்டும், உள்ளூர்ச் சான்றே வேண்டுமாயின், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006-இல் கண்டெடுத்த நடுகற்கள் இருக்கின்றன. தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களுள் மிகத் தொன்மையானவை என்று மதிக்கப்படும் அவற்றுள் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்துபட்ட ஒருவனுடைய பெயரைச் சொல்லுகிறது. உடைமை, அதன் காரணமாக ஒரு தகராறு, தகராறு முடிந்தபின் ஒரு பெயர்வெட்டு என்னும் மூன்றும் இப்பிரதேசத்தில் கிறிஸ்துவுக்கு முந்திய காலந்தொட்டே இணைபிரியாதிருந்து வந்திருக்கின்றன என்பதற்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? இடைக்காலத்துக்கு வந்தால், கம்பத்திலிருந்து தேனிக்குச் சாமான் ஏற்றிவரும் ஒவ்வொரு வண்டியும் கடந்தே தீரவேண்டிய சின்னமனூர், பாண்டியர் செப்பேடுகளால் சரித்திரப் பிரசித்தி பெற்ற ஊராக நிற்கிறது. பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் மூன்றாம் இராசசிம்மனின் பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதும் மதுரையில் சங்கம் வைத்ததும் ஈறாக, கொடுத்தவனுடைய குலப்பெருமையையெல்லாம் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டு போய், வாங்கினவரிடம் வரும்போது வெகு சிக்கனமாக முடித்துக்கொள்கிறது. கொடுத்தவர் பெயர் பெரிதாகவும் வாங்கினவர் பெயர் சிறிதாகவும் இருக்க வேண்டும் என்ற இந்த இலக்கணத்தை வாசகர் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வேலை இருக்கிறது.

பெயர் வெட்டாமையால் விளையும் அனர்த்தத்துக்கு இலக்கியச் சான்றும் உண்டு. சிலப்பதிகாரத்து மனையறம்படுத்த காதையில், கோவலனின் தாயாரே முன்னின்று மகனையும் மருமகளையும் செல்வமும் ஏவலருமாக வேறொரு மனையில் குடிவைக்கும் செய்தி வருகிறது. மாமியாரே மனமுவந்து பிரித்து வைத்த அபூர்வமான சந்தர்ப்பம் அது. அந்த வீட்டுக்கு என்னென்ன சாமான் போயிற்று என்று இளங்கோவடிகள் ஜாபிதா ஒன்றும் தரவில்லை. துறவியாதலால் பண்டபாத்திரங்களில் நாட்டமில்லை போலும். அப்படியொரு ஜாபிதாவைத் தயாரித்து, சாமான்களோடு சாமானாகக் காற்சிலம்பு இரண்டிலும் கண்ணகி என்று நான்கே எழுத்தை வெட்டி அனுப்பியிருப்பார்களேயானால், பிற்பாடு மதுரையில் அரசியின் சிலம்புக்கும் இவள் சிலம்புக்கும் மயக்கம் நேர்ந்திருக்க வழியில்லை. உள்ளே இருக்கும் பரல் முத்தா மாணிக்கமா என்று அரசவையில் உடைத்துப் பார்த்துத் தீர்க்க வேண்டிய வழக்கு, பொற்கொல்லன் பட்டறை வாசலிலேயே தீர்ந்திருக்கும், பாண்டியனும் நெடுநாள் ஆண்டிருப்பான், மதுரையும் எரிந்திராது. ஒரு மகாகாவியம் பாதியில் நின்றுபோயிருக்குமே என்று இலக்கிய ரசிகர்கள் வருந்துவார்கள். அது அவர்கள் பாடு. ஊரை எரித்த கண்ணகி வைகைக் கரையோடு மேற்கே நடந்து மலையேறினாள் என்பது காப்பியம். கூடலூருக்கு மேலே மலைவிளிம்பில் இருக்கும் மங்கலதேவி கோட்டமே அவளுக்குரிய கோயில் என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963-இல் நிறுவினார். சித்திரைப் பௌர்ணமிதோறும் ஜனங்கள் அங்கே ஏறிப் போய் வருகிறார்கள். அந்த மலையடிவாரத்துக் கூடலூரிலும் கம்பத்திலும், பாத்திரத்துக்குப் பெயர் வெட்டாமல் பெண்ணைத் தனிவீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இல்லை என்பதை வெறும் தற்செயல் என்று கொள்ள என் மனம் இடந்தரவில்லை.

இனி, பெயர் வெட்டுவதன் பிரயோஜனம் யாது என்னும் விசாரம். இதில் பூர்வபட்சம் இரண்டு. கலியாணம், காதுகுத்து, கோயிற்கஞ்சி என்று அக்கம்பக்கத்தார் பாத்திரம் இரவல் வாங்கிப் போவதால், திரும்பி வரும்போது அடையாளம் காண்பதற்காக வெட்டப்பட்டது என்பார் ஒருசாரார். இக்கூற்று பார்வைக்கு நியாயமாகத் தோன்றினும் பரிசீலனைக்கு நில்லாது. அடையாளத்துக்கு என்றால் பாத்திரத்தின் சொந்தக்காரர் பெயர் அல்லவா இருக்க வேண்டும்? இருப்பதோ கொடுத்தவர் பெயர். காணாமற்போன அண்டாவைக் கண்டுபிடித்தால் அதை வாங்கிக் கொடுத்த தாய்மாமனிடமா கொண்டுபோய் ஒப்படைப்பது? இரண்டாவது கட்சியார், இது மொய்க் கணக்கு, நாளைக்குத் திருப்பிச் செய்யும்போது இன்னார் இன்னது செய்தார் என்று தெரிவதற்காக என்பார். மொய்நோட்டு என்று ஒன்று மஞ்சள் தடவி, பெயர், ஊர், தொகை எல்லாம் கண்டு பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும்போது, அதே கணக்கைச் சருவச்சட்டியிலும் இன்னொரு படி எழுதிவைப்பது கூறியது கூறல் என்னும் குற்றத்தின்பாற்படும்.

ஆகவே சித்தாந்தம் வேறு. பாத்திரத்தைக் கொடுத்தவர் பாத்திரத்தோடு தாமும் அந்த வீட்டுக்குக் குடிபோகிறார் என்பதே என் துணிபு. புதுக்குடித்தனம் என்று நாம் சொல்வது ஆணும் பெண்ணுமாக இருவர் வாழ்வதை அன்று. குத்துவிளக்கின் அடித்தட்டில் பெண்ணின் தகப்பனார், குடத்தின் கழுத்தில் தாய்மாமன், இட்லிக்கொப்பரையின் மூடியில் பெரிய அத்தை, தூக்குவாளியின் வயிற்றில் எதிர்வீட்டுக்காரர், டபராவின் அடியில் அலுவலக நண்பர்கள் என்று ஒரு கிராமமே வாடகை கொடாமல் கூடவே இருந்து வாழ்வதைத்தான். இந்தச் சித்தாந்தத்தை ஒப்புக்கொண்டால், சாமான் கட்டும் வேளையில் நடக்கும், பிறிதொருவாற்றானும் விளக்கவியலாத பல காரியங்களுக்கு விளக்கம் கிடைக்கிறது.

பெயர்வெட்டின் எழுத்தமைதியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கடைவாசலில் முக்காலியில் அமர்ந்து, பாத்திரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கைக்கடக்கமான மின்யந்திரத்தைக் கிர்ரென்று ஓட்டி வெட்டுபவரைக் கூர்ந்து கவனித்திருக்கிறேன். அதற்கு முன்னே சிற்றுளியும் சுத்தியலுமாகப் புள்ளிபுள்ளியாகத் தட்டி எழுத்தாக்கினார்கள். பழைய வெண்கலக் கும்பாக்களில் அந்தக் குழிகளுக்குள் புளியும் சாம்பலும் அடைந்து எழுத்து கறுப்பாகத் தெரியும். யந்திரம் வந்தபின் எழுத்து ஓர் இழையாகச் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. ஆனால் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விழுவதில்லை. யந்திரத்தைத் தூக்கித் தூக்கி வைத்தால் வேலை ஓடாதாம். ஆகையால் அம்மாச்சி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தது பாத்திரத்தில் அமமாசசி என்றே வருகிறது. ஏடு கிழிந்துவிடும் என்று அஞ்சி ஓலைச்சுவடி எழுதினோர் புள்ளியிடாமல் விட்டதையும், அதனால் சுவடிப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டையும் அறிந்தவர்கள், அந்த மரபு இருபத்தோராம் நூற்றாண்டில் பாத்திரக் கடை வாசலில் உயிரோடு இருப்பதைக் கண்டு புளகாங்கிதமடைவர். புள்ளி எங்கே என்று நான் வினவியதற்கு, “படிக்கிறவுகளுக்குத் தெரியும்ல சார்” என்றார் வெட்டுபவர். சுவடி எழுதினோரும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

சாமான் கட்டுவதற்கு முன் நாள் குறித்தாக வேண்டும். இங்கேதான் சாஸ்திரமும் பூகோளமும் கைகோத்துக்கொண்டு மனிதனை வழிமறிக்கின்றன. என் தங்கை மகள் கம்பத்திலிருந்து தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டிக்குக் குடிபோக வேண்டியிருந்தது. கம்பத்துக்குத் தேனி வடகிழக்கு. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம்; திங்களும் சனியும் கிழக்கே சூலம்; ஆக, குமுளி நெடுஞ்சாலை வாரத்தில் நான்கு நாள் சாஸ்திர ரீதியாக மூடப்பட்டுவிடுகிறது. பால் குடித்தால் வடசூலத்துக்கும், தயிர் குடித்தால் கீழ்ச்சூலத்துக்கும் பரிகாரம் உண்டுதான். ஆனால் வடகிழக்குக்குப் போகிறவர் எதைக் குடிப்பது, இரண்டையும் குடித்தால் வயிறு என்னாவது என்பதற்குப் பஞ்சாங்கத்தில் விடையில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுப் பொருளை வெளியே அனுப்பலாகாது. வியாழக்கிழமை மாப்பிள்ளைக்கு விடுப்பு இல்லை. எஞ்சியது ஞாயிறு, அன்றைக்கு நாலரை முதல் ஆறுவரை ராகுகாலம் என்பதால் பாதகமில்லை, காலையிலேயே போய்விடலாம். ஆனால் இதே தர்க்கத்தை இப்பள்ளத்தாக்கில் உள்ள அத்தனை குடும்பங்களும் செய்து முடித்துவிட்டபடியால், ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடைப்பதில்லை.

மாதங்களில் ஆடி ஆகாது என்பதற்கு வெளியூர்ப் பண்டிதர்கள் என்னென்னவோ காரணம் சொல்வார்கள். எங்கள் ஊரில் காரணம் கண்கூடு. தமிழ்நாட்டில் தென்மேற்குக் காற்று மலையைப் பிளந்துகொண்டு உள்ளே புகும் கணவாய்கள் நான்கு. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய மூன்றோடு நான்காவதாக நிற்பது கம்பம் கணவாய். ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள் அந்தக் காற்றை நம்பித்தான் நட்டவை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பிற ஊர்களில் பழமொழி, எங்களுக்கு எச்சரிக்கை. இதை உணர்ந்தால்தான் மெத்தைப் பிரச்சினையின் முழு ஆழமும் விளங்கும். போடிப் பக்கத்து மலையடிவாரம் இலவம் பஞ்சுக்குப் பேர்போனது. பெண்ணைத் தனிவீடு வைக்கிறவர்கள் இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் செய்து கொடுப்பதைக் கௌரவமாகக் கொண்டவர்கள். ஒவ்வோர் இழையும் உள்ளே குழலாக, காற்றைத் தவிர வேறொன்றும் இல்லாமல், நீரும் ஒட்டாமல் இருக்கும் இந்தப் பஞ்சைத்தான் ஒரு காலத்தில் கப்பல்காரர்கள் மிதவைச் சட்டைகளில் அடைத்தார்கள். கடலில் மனிதனை மிதக்கவைக்கும் ஒரு வஸ்துவை, திறந்த வண்டியின் உச்சியில், கம்பம் கணவாய்க் காற்றுக்கு எதிரே, கொச்சக்கயிறு ஒன்றை மாத்திரம் நம்பி வைத்துக்கொண்டு போவது எத்தகைய சாகசம் என்பதை ஆடி மாதத்தில் சின்னமனூர் தாண்டியவர்கள் அறிவார்கள். மெத்தையில் பெயர் வெட்ட இயலாதாகையால், பறந்துபோனால் இன்னாருடையது என்று நிரூபிப்பதும் கஷ்டம்.

கட்டும் சாமக்கிரியைகளில் அட்டைப்பெட்டிக்கும் சாக்குக்கும் தலைமை ஸ்தானம். இவை இரண்டும் வெளியூர்களில் பணம் கொடுத்து வாங்கும் பண்டங்களாக இருக்கலாம். இங்கே பள்ளத்தாக்கின் விவசாயமே அவற்றை உபயமாக அளிக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை போன பெட்டிகளும், போடி ஏலக்காய் வந்த சாக்குகளும், வாழைக்காய் மண்டிக் கூடைகளும் தெரிந்தவர் மூலமாக வீடு வந்து சேர்கின்றன. இதன் பயனாக, பெட்டியின் புறத்தெழுத்துக்கும் அகப்பொருளுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாத ஒரு விசித்திரமான குறியீட்டுமுறை உண்டாகிறது. திராட்சை என்று எழுதிய பெட்டியில் சாமி படங்கள். முட்டை, கவனம் என்று எழுதிய பெட்டியில் இரும்புத் தோசைக்கல். ஏலக்காய்ச் சாக்கில் போர்வையும் தலையணை உறையும். எட்டு மில்லிமீட்டர் தரத்து ஏலக்காய் குடியிருந்த சாக்கில் துணி கட்டியவர்கள் வெகுகாலத்துக்குப் பாயசத்தில் படுத்துறங்குகிறார்கள். என் ஆராய்ச்சிக்கு முக்கியமான அம்சம் யாதெனில், பெட்டியின்மேல் எழுதியிருப்பது மண்டிக்காரர் பெயர், பெட்டிக்குள் இருக்கும் பாத்திரத்தின்மேல் எழுதியிருப்பது உறவுக்காரர் பெயர். இந்தச் சாமான்களின் சொந்தக்காரர்கள் என்று சொல்லப்படும் இருவருடைய பெயர் உள்ளும் இல்லை, புறமும் இல்லை.

ஏற்றுமதிப் படலத்தில் நான் கண்ட ஒரு தர்க்கத்தை அப்படியே பதிவு செய்வது ஆராய்ச்சியாளன் கடமை. வாசலில் நின்றது குட்டியானை. 2005-இல் டாடா கம்பெனியார் வெளியிட்ட இந்தச் சிறிய சரக்கு வண்டிக்கு ஜனங்கள் தாமாக இட்ட நாமதேயம் அது. 1928 முதல் மதுரைக்கும் போடிக்கும் ஓடிய மீட்டர்கேஜ் ரயில் 2010-இன் முடிவில் நின்று, அகலப்பாதையாக மாறித் தேனிக்கு 2022-இலும் போடிக்கு 2023-இலும் திரும்பி வருவதற்குள், பள்ளத்தாக்கில் மனிதர் நீங்கலாக மற்ற எல்லாவற்றையும், சமயத்தில் மனிதரையும், சுமந்தவை இந்த யானைகளே. அண்டாவை முதலில் ஏற்றி, அதற்குள் குண்டான், அதற்குள் சட்டி, அதற்குள் கிண்ணம் என்று என் தங்கை மகள் கெட்டிக்காரத்தனமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் தாயாருக்கு அது சம்மதமாகவில்லை.

“ஏத்தா, ஒங்க பெரியத்தை குடுத்த அண்டாவைப் போய் அடியில போட்டு அமுக்கிட்டியே, அவ வந்து பாத்தா என்ன நெனைப்பா?”

“அம்மாச்சி, மத்ததெல்லாம் அதுக்குள்ளதான கெடக்கு? அதை மேல தூக்கி வச்சா இதையெல்லாம் எங்கிட்டு வைக்கிறது?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. பேராச்சும் வெளியில தெரியுற மாதிரி திருப்பி வைங்க.”

லோடுமேன்கள் இருவர் முனகிக்கொண்டே அண்டாவை அரைவட்டம் திருப்பினார்கள். பெரியத்தையின் பெயர் சாலைப்பக்கம் வந்தது. அவ்வண்ணமே அது உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாக, எதிரே வந்த பேருந்துகளில் இருந்தவர்கள் எல்லாரும் வாசிக்கும்படியாகத் தேனி வரை பவனி வந்தது. பொருளை அல்ல, பொருளின்மேலுள்ள பெயரையே வண்டியில் ஏற்றுகிறோம் என்னும் என் சித்தாந்தத்துக்கு இதனினும் தெளிவான பரிசோதனைச் சான்றை நான் எதிர்பார்க்கவில்லை.

வீடு வாடகையா ஒத்தியா என்பதைப் பற்றி நீள எழுதலாம். ஆனால் அது பாத்திர விசாரத்துக்குப் புறம்பு. மாற்று ஒப்பந்தம் இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாதென்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 2019 முதல் அமலில் இருக்கிறது என்பதையும், மாற்று ஒப்பந்தம் எப்போதும் தயாராக இருக்கிறது என்பதையும் மட்டும் குறித்துவிட்டு நகர்கிறேன். நமக்கு வேண்டியது அந்த ஒப்பந்தத்தின் நடை. முத்திரைத்தாளில் மருமகனுடைய பெயர், தகப்பனார் பெயர், வயது, கதவு எண் எல்லாவற்றோடும் ஒரே ஒரு முறை கம்பீரமாக எழுதப்படுகிறது; அடுத்த வரியிலேயே இனிமேல் இவர் 2-வது பார்ட்டி என்று அழைக்கப்படுவார் என்று சொல்லி அந்தப் பெயரை அடக்கம் செய்துவிடுகிறார்கள். மின்சார அட்டை வீட்டுக்காரர் பெயரில். ரேஷன் கார்டிலோ பெற்றோர் கார்டிலிருந்து பெயர் நீக்கியாயிற்று, புதுக் கார்டு இன்னும் வரவில்லை. இந்த இடைக்காலத்தில் தம்பதிகள் சாசன ரீதியாக இல்லாதவர்கள் என்றே கொள்ள வேண்டும்.

புதுவீட்டுக்குள் முதலில் நுழையும் பொருள்கள் உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம், சாமி படம். இவற்றுள் குடம் நீங்கலாக மற்றவற்றில் பெயர் வெட்ட வழியில்லை என்பதைக் கவனித்தேன். எவருடைய பெயரும் இல்லாத பொருள்களே முதலில் நுழைய வேண்டும் என்று முன்னோர் வகுத்தது, கிரகப்பிரவேசத்தன்றே முன்னுரிமைத் தகராறு மூண்டுவிடக்கூடாது என்னும் தீர்க்கதரிசனத்தால் போலும். குடத்தைப் பொறுத்தவரை தகராறு மூளத்தான் செய்தது. தாய்மாமன் குடமா, மாப்பிள்ளை வீட்டுக் குடமா என்பதை நான் தாய்மாமன் என்ற முறையில் விசாரிக்க முற்படாமல் கட்சிசார்பற்ற ஆராய்ச்சியாளனாக மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். பால் பொங்கியது. பொங்கின பாத்திரம் யாருடையது என்று எட்டிப் பார்க்காதவர் அக்கூட்டத்தில் ஒருவரும் இல்லை.

அடுக்கும் கிரியை, வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பியபின் தொடங்கி, உண்மையில் எந்நாளும் முடிவதில்லை. அலமாரித் தட்டு நான்கு, பெயர்களோ எண்ணிறந்தன. கண்ணுக்கு நேரான தட்டில் எந்தப் பெயர் நிற்பது என்பது அடுத்து வரப்போகும் விருந்தாளி யார் என்பதைப் பொறுத்தது. உத்தமபாளையத்துச் சித்தி வருகிறாள் என்று போன் வந்தால் அவள் கொடுத்த பருப்புச்சட்டி பரணிலிருந்து இறங்கி, புளிபோட்டு விளக்கப்பட்டு, முன்வரிசைக்கு வருகிறது. அவள் பஸ் ஏறியதும் போடி மாமாவின் வட்டில் அந்த இடத்தைப் பிடிக்கிறது. பெரிய அருங்காட்சியகங்கள் தம் சேகரத்தில் சிறு பகுதியை மட்டும் காட்சிக்கு வைத்து மற்றதைக் கிடங்கில் காப்பது போன்ற முறையேயாயினும், அங்கெல்லாம் பொருளைக் கொடுத்தவரே வந்து, என்னது எங்கே என்று கேட்டு, அதில்தான் காபி வேண்டும் என்று வற்புறுத்துவதில்லை. இத்தனைக்கும் நடுவே தம்பதிகள் தினந்தோறும் சாப்பிடுவது, சந்தையில் அவர்களே வாங்கிய இரண்டு தட்டுகளில். அவற்றில் பெயர் இல்லை.

பெயர் ஏற்காத பண்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் நான்ஸ்டிக்கிலும் யந்திரம் ஓடாது. ஓட்டினால் பண்டம் போய்விடும். இவ்வகைப் பரிசு கொடுத்தவர்கள் சீக்கிரத்தில் மறக்கப்படுகிறார்கள். அனுபவசாலிகள் இதை முன்கூட்டியே அறிந்து எவர்சில்வரோடு நின்றுகொள்கிறார்கள். நகப்பூச்சாலும் எனாமல் பெயிண்டாலும் அடியில் ஒரு புள்ளியோ கோடோ போட்டுவைப்போரும் உண்டு. கீழடிப் பானைகளில் எழுத்தோடு கூடவே கிடைக்கும் வாசிக்கவியலாத கீறல் குறிகளுக்கும் இப்படியொரு சங்கதிதான் காரணமாக இருக்குமோ என்பதை வல்லுநர் பரிசீலிக்கலாம். அரசாங்கம் இந்த விஷயத்தில் ஜனங்களினும் சாமர்த்தியசாலி. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்த பொருள்கள் தாய்வீட்டிலிருந்து இரண்டாம் ஜன்மமாகத் தனிவீட்டுக்கு வரும்போதும், கொடுத்தவர் முத்திரை மறையாமலே வருகின்றன. சின்னமனூர்ச் செப்பேட்டு இலக்கணம் இங்கே அணுவளவும் பிசகவில்லை. வாங்கினவர் பெயருக்கு அந்தக் கிரைண்டரில் இடமே விடப்படவில்லை.

சாசனப் பரிசோதனையில் எனக்கு மிக்க உற்சாகமளித்தவை இரட்டைச் சாசனங்கள். ஒரு கலியாணத்தில் வந்த பாத்திரம் பெட்டி பிரிபடாமலே பரணில் தூங்கி, இன்னொரு கலியாணத்தில் பரிசாக எழுந்தருளுவதை யாவரும் அறிவர். பெயர் வெட்டியிருந்தால் அது இயலாது என்று நினைத்திருந்தேன். இயலுகிறது. பழைய பெயரின்மேலேயே யந்திரத்தை ஓட்டி, கொடியும் இலையுமாக ஒரு சித்திரவேலை செய்து மூடிவிட்டு, அதன் கீழே புதுப்பெயரை வெட்டித் தருகிறார்கள். தங்கை மகள் வீட்டு அலமாரியில் உள்ள ஒரு தூக்குவாளியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, இலைகளுக்கிடையே ஒரு பெயரின் முதலெழுத்தும், எங்கள் இரு வீட்டாருக்கும் சம்பந்தமில்லாத ஓர் ஊரின் பெயரும், எங்களில் ஒருவருக்கும் கலியாணமே ஆகியிராத ஒரு காலத்துத் தேதியும் தெரிந்தன. அந்த ஊரில் அந்தத் தேதியில் கலியாணம் செய்துகொண்ட யாரோ இருவரின் வீட்டில், இதே வாளியைக் கொடுத்த யாரோ ஒருவர் இன்னும் இதைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும். வாளியைக் கொடுத்தவரிடம் இதுபற்றி நான் பிரஸ்தாபிக்கவில்லை. சாசனம் இருக்கும்வரை உறவும் இருக்க வேண்டுமல்லவா.

கடைசியாக ஒரு குக்கர். குடிபோன சில மாதம் கழித்து, முதன்முதலாகத் தங்கள் சம்பளத்திலிருந்து மிச்சம் பிடித்து இருவரும் தேனிக் கடைவீதியில் ஒரு குக்கர் வாங்கினார்கள். வீடு நிறைய ஊரார் பெயராக இருக்க, இதிலாவது நம் பெயர் இருக்கட்டுமே என்று தங்கை மகளுக்கு ஓர் ஆசை. நானும் கூட இருந்தேன். வெட்டுபவர் யந்திரத்தைக் கையிலெடுத்துக்கொண்டு, யார் கொடுப்பதாகப் போட வேண்டும் என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை, நாங்களே வாங்கினது, எங்கள் பெயரையே போடுங்கள் என்றாள் அவள். அவர் யந்திரத்தை நிறுத்திவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். “அப்பிடி யாரும் போடுறதில்லையேம்மா” என்றார் வெட்டுபவர். பின்பு வாடிக்கையாளர் மனம் நோகலாகாது என்று இருவர் பெயரையும் புள்ளியில்லாமல் வெட்டி, கைப்பழக்கத்தால் அதன் கீழே அன்பளிப்பு என்றும் சேர்த்து நீட்டினார். கொடுப்பவரும் கொள்பவரும் ஒருவரேயாயின் அது தானமாகுமா என்பது தர்மசாஸ்திரிகள் முடிவு செய்ய வேண்டிய விஷயம். மறுவாரம் அங்கே போன என் தாயார் குக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது யாருத்தா குடுத்தது, ஒன் பேருலயே இன்னொருத்தி நம்ம சொந்தத்துல இருக்காளா?” என்று கேட்டாள்.